ஒத்த வாக்கியம்

ஊரடங்கு ஒன்பது மணிக்கென்றார்கள்.
எட்டே முக்காலுக்கே கேற்றைப் பூட்டிவிட்டேன்.
காலிமுகத்திடல் பக்கமிருந்து பட், பட்டென்று சத்தம்.
பட்டாசென்று நினைக்கிற வயது எனக்கு எப்போதோ போய்விட்டது.
மின்சாரம் இல்லை.
பீடத்து மெழுகுதிரியில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு
ஞாயிறு வாசிப்புக்குப் பக்கம் அடையாளம் வைத்தேன்.

ரோமர், பதின்மூன்றாம் அதிகாரம்:
மேலே இருப்பவர்களுக்கு அடங்கி நட.
அப்போஸ்தலர், ஐந்தாம் அதிகாரம்:
மனுஷர் சொல் ஒன்று, தேவன் சொல் ஒன்றென்றால்
தேவன் பக்கம் நில்.
தமிழில் வேதம் படிப்பவளுக்கு இது ஒரு தொல்லை.
எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதிகாரம்தான்.

ராஜாவைக் கனம்பண்ணச் சொன்னதும் பேதுரு.
ஆலோசனைச் சங்கத்தின் முன்னால்
முடியாது என்றதும் பேதுரு.
மேலாடையை விற்றாவது பட்டயம் வாங்கு என்று
சாப்பாட்டு மேசையில் சொன்னவர்
அதே இரவில், உறையில் போடு என்கிறார்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓடைதான்.
நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று கடிதம் எழுதிய எரேமியாவை
நகரத்தைக் குழப்புகிறான் என்று
சேற்றுக் குழிக்குள் இறக்கினார்கள்.
ஓரத்துப் பொடி எழுத்தில்
ஒத்த வாக்கியம் எதுவென்று தேடினேன்.
அந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது.

அப்போதுதான் மதில் குதிக்கிற சத்தம்.

மூன்று பேர்.
ஒருத்திக்குத் தமிழ். இருவருக்குச் சிங்களம்.
இருமலுக்கு எந்தப் பாஷையும் இல்லை.
ஒருவன் காலில் ஒரு செருப்புத்தான்.
தண்ணீர், தண்ணீர் என்றாள் அவள்.
பம்ப் ஓடாத நாள்;
பூச்சாடியில் மட்டும்தான் மிச்சம்.
சம்பங்கி அழுகின தண்ணீரில் கண் கழுவினார்கள்,
மணக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு கேற்றில் தடியால் தட்டினார்கள்.
சார்ஜன்ட் தேவநேசன்.
பாடகர் குழுவில் தாழ்ந்த சுரம் அவருடையது,
மூன்றாம் வரிசை, ஜன்னல் ஓரம்.
அவர் பின்னால் தலைக்கவசங்கள், பெயரில்லாமல்.

"ரூபி அக்கா, திறவுங்கோ."

"திறப்பைக் காணேல்லை, தம்பி."

திறப்புக் கொத்து என் இடுப்பில் தொங்கியது.
டோர்ச் வெளிச்சம் அதில் விழுந்தது.
ஒரு மூச்சு நேரம் அங்கேயே நின்றது.

பொய் சொல்லாதே என்பது
கல்லில் எழுதின வசனம்.
பார்வோனிடம் பொய் சொன்ன மருத்துவச்சிகளுக்கு
தேவன் குடும்பங்களைத் தழைக்கப்பண்ணினார் என்பதும்
அதே புத்தகத்தில், கொஞ்சம் முன்னால்.
இதையெல்லாம் நான் அப்போது யோசித்ததாகச் சொன்னால்
அது இரண்டாவது பொய்.
அப்போது நான் யோசித்தது
எண்பத்துமூன்று ஜூலையில்
இதே கேற்றை எங்களுக்குத் திறந்துவிட்ட கையை.
யாருடைய கையென்று
இருட்டில் பார்க்கவில்லை.

"வடிவாத் தேடுங்கோ," என்றார் தேவநேசன்.
"விடியத்தான் இனி இந்தப் பக்கம் வருவன்."
தலைக்கவசங்களிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார்,
பூட்ஸ் சத்தம் சந்திப் பக்கம் போனது.

ஞாயிறு வாசிப்பு அவருடைய முறை.
அதிகாரம் பதின்மூன்று.
கண் இரண்டும் சிவந்திருந்தது;
கடல்காற்று திரும்பும்போது
புகை ஆள் பார்ப்பதில்லை.
பட்டயம் என்ற சொல்லுக்கு வந்ததும்
தொண்டையைச் செருமினார்,
திரும்ப ஒருமுறை வாசித்தார்,
ஆமென் சொல்ல மறந்து போய் உட்கார்ந்தார்.

போதகர் பிரசங்கத்தில் இரண்டு வசனத்தையும்
சமாதானப்படுத்தப் பார்த்தார்.
அரைமணித்தியாலம் எடுத்தது.
நான் பாதியில் நித்திரை.

பிறகு பெருக்கும்போது
மூன்றாம் வரிசைக்குக் கீழே
அந்த மற்றச் செருப்பு.
இடது கால், நீல வார்.
ஓடி வந்தவன் உள்ளே வந்துதான் தொலைத்திருக்கிறான்,
அல்லது யாரோ தெருவில் எடுத்து வந்து
இங்கே வைத்திருக்கிறார்கள்.

மறந்துபோன குடைகளோடு அதையும் வைத்திருக்கிறேன்.
கேட்டு வருகிறவர்
எந்தப் பக்கத்து ஆள் என்று
நான் விசாரிக்கப் போவதில்லை.
கால் அளவு சரியா என்று மட்டும் பார்ப்பேன்.